வடக்குச் சுவரில் அடைத்த வாசல்

என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். அசல் படத்தில் இல்லாத ஒரு கோட்டைப் பிள்ளைகள் இழுத்துவிட்டால் விரல் முட்டியிலேயே போடுவார். மகள் என்பதற்காக எனக்கு ஒரு சலுகையும் கிடையாது.

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் சபைக்கு ஒரு கோயில் கட்ட முடிவானதும், பாதிரியார் துரை, சீமையில் தாம் ஞானஸ்நானம் பெற்ற கோயிலைப் போலவே வேண்டுமென்றார். அதன் படம் மதுரையில் அவர் பங்களாச் சுவரில் இருந்தது. அப்பா அதைப் பார்த்து வரையப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். எழுநூறு வருஷத்துக் கோயிலாம். கோபுரம் ஒரு தலைமுறை, முகப்பு மண்டபம் ஒரு தலைமுறை என்று கட்டியதில் ஒரு ஜன்னலைப் போல இன்னொன்று இல்லை. தெற்கே பெரிய வாசல். வடக்கே குனிந்து போகிற மாதிரி ஒரு குட்டி வாசல், கதவு திறந்து கிடந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பேய் வெளியே ஓடட்டும் என்று அந்தக் காலத்தில் அதைத் திறந்து வைப்பார்களாம். துரையே சொன்னார்.

கோடையில் துரை மலைக்குப் போய்விட்டார். சுவர் எழும்பும் நேரத்தில், சபை மூப்பரான பெரியப்பா வந்து வரைபடத்தைப் பார்த்தார்.

"சின்ன வாசல் இருக்கிறது நல்லதாப் போச்சு தம்பி. கீழத்தெரு ஆளுக அது வழியா வந்து அங்கிட்டே உக்காந்துக்கிரட்டும். நாமளா வச்சோம்? சீமையிலேயே இருக்குல்ல."

"பாப்போம்ணே" என்றார் அப்பா.

மறுநாள் மத்தியானம் நான் சோறு கொண்டு போனபோது, அந்தக் குட்டி வாசலுக்குள் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு கல்லாக வரைந்துகொண்டிருந்தார். அசலில் இல்லாத கோடு! துரைக்குத் தெரிந்தால் அப்பாவை வேலையை விட்டே அனுப்பிவிடுவாரே என்று பயந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பென்சிலைச் சீவினார்.

கொத்தனார்கள் வளைவை வைத்து உள்ளே கல்லால் அடைத்தும்விட்டார்கள். பெரியப்பா கொதித்துப்போய் வந்தார்.

"வாசலை வச்சுப்புட்டு எவனாச்சும் அடைப்பானா?"

"படத்துல உள்ளபடிதாண்ணே."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீயும் போனேல்ல. அசல் படத்துல அடைச்சா இருந்துச்சு?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கொத்தனார் சுவரோரம் தொங்கவிட்டிருந்த தூக்குக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்துக் கட்டளைகளை ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். கோயில் சுவருக்குள் நின்றுகொண்டு, "ஆமா பெரியப்பா" என்றேன். அப்பாவைத் துரையிடமிருந்து காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"சீமைக்காரனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்று பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போனார்.

பிரதிஷ்டைக்கு வந்த துரை அடைத்த வாசலின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "அச்சு அசல், மாஸ்டர்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எங்கள் தெரு, கீழத்தெரு இரண்டும் அன்றைக்குத் தெற்கு வாசல் வழியாகவே வந்தன. முதல் ஞானஸ்நானம் ஒரு கீழத்தெருக் குழந்தைக்கு. வடக்கு வாசலை அடைத்துவிட்டார்களே, பேய் எப்படி வெளியே போகும் என்று எனக்கு ஒரே கவலை. குழந்தையின் தலையில் தண்ணீர் பட்டதும் பெரியப்பா மட்டும் எழுந்தார். யாரையும் பார்க்காமல் பெரிய வாசல் வழியாக வெளியே போனார். அவருக்கு அப்படி என்ன அவசரம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.