மதில் வேண்டாமாம்

யானை என் வாழைகளை முறித்துப்போட்டதற்கு மறுகிழமை இது. அது வேறு கதை. பளை பஸ்ஸுக்காக மாங்குளத்துத் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு கண்டாவளைப் பெண், வவுனியாவிலுள்ள மகளிடம் போகிறவள், அயல்வீட்டுப் பரிமளத்தை ஏசிக்கொண்டே வடை தின்கிறாள். இருபது வருட வேலிச் சண்டையாம்.

"இப்ப அவள் மதில் கட்டப்போறாள், அண்ணை."

"நல்லதுதானே. சண்டை முடிஞ்சுது."

"என்ன கதைக்கிறியள்? என்ரை மகள் வீட்டைச் சுத்தியும் மதில்தான். போனமுறை அங்கை ஏச ஒருத்தருமில்லாமல் எனக்கு நித்திரையே வரேல்லை. டொக்டர் குளிசை தந்தவர்."

"அப்ப பரிமளத்திட்டையே சொல்லுங்கோவன், தங்கச்சி."

"நாங்கள் ஏசுறதுதான், கதைக்கிறேல்லை. நீங்கள் சொல்லிவிடுங்கோ."

அவளுடைய பஸ் வந்துவிடுகிறது. நானோ பளைக்குப் போகிறவன். கண்டாவளைப் பக்கம் போகிறவர்கள் பரிமளத்திடம் சொல்லிவிடுங்கள், மதில் வேண்டாமாம். யார் சொன்னதென்று கேட்டால் தெரியாது என்றுவிடுங்கள்.