பந்து மாதிரி துள்ளிய மஞ்சள் கரு

நான் பிளாஸ்டிக் முட்டை விற்கிறேனாம்!

போன வாரம் இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் ஸ்டெல்லா. மைசூரில் ஓர் அபார்ட்மெண்ட் கேட் பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கிறார். முட்டை எடுப்பது என்னிடம். (நான் மொத்த வியாபாரி.)

"அண்ணா, நம்ம முட்டைய உடச்சா மஞ்சக்கரு பந்து மாதிரி குதிக்குதாம். பிளாஸ்டிக்காம், தின்னா கேன்சராம்! வீடியோ அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பு பூரா ஓடுது. ஞாயித்துக்கிழம மீட்டிங்ல என் கடைய எடுக்கச் சொல்லப் போறாங்கண்ணா!"

"வீடியோ யாரு எடுத்தது?"

"மூணாவது மாடி டீச்சர். தினம் என்கிட்டதான் பால் வாங்குவாங்க. இன்னிக்கு மொகத்தக்கூட பாக்கல."

எனக்கு ஒரு கடை போனால் இன்னொரு கடை. ஸ்டெல்லாவுக்கு அது ஒன்றுதான்.

வண்டியை எடுத்தேன். (முழுக்க தர்மம் என்று நினைக்க வேண்டாம். வீடியோ மற்ற கடைகளுக்கும் போகும் என்ற பயமும் உண்டு.)

டீச்சர் தமிழ்க்காரர்தான், பேச்சில் மட்டும் கன்னடம் கலக்கும். ஆதாரத்தைக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தார்.

"சும்னே சொல்றேன்னு நெனைக்காதீங்க. நீங்களே பாருங்க."

மஞ்சள் கருவைத் தட்டில் போட்டார்.

துள்ளியது!

ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் இந்த விலைக்குப் பிளாஸ்டிக்கில் முட்டை செய்ய முடியுமென்றால், அந்த மிஷினை முதலில் வாங்கியவன் நானாகத்தான் இருந்திருப்பேன். நாமக்கல் லோடு, வழியில் உடைசல், இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு?

"ஓடு இருக்கா மிஸ்?"

குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மெல்லிய விரிசல். லோடில் அடிபட்ட முட்டை உள்பக்கமாகக் குழியும். இது உள்ளே இருந்து வீங்கிப் பிளந்திருந்தது.

"முட்டைய எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜ்லதான். டோர் பூரா எங்க வீட்டுக்காரர் மாத்திரை. அதனால மேல் தட்டுல, நல்லா உள்ள தள்ளி வெச்சேன்."

திறந்து கையை விட்டேன். பக்கத்திலிருந்த பால் பாக்கெட் கல்!

"உங்க முட்டை ஐஸாகி, அப்புறம் இளகியிருக்கு மிஸ். உறைஞ்சுபோன மஞ்சக்கரு ரப்பர் மாதிரி ஆயிடும். பிளாஸ்டிக்கும் இல்ல, கேன்சரும் இல்ல."

"நீங்க விக்கறவரு. வேற எப்படிச் சொல்வீங்க?"

நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

"அப்ப என்னை நம்பாதீங்க. வேற கடைல ரெண்டு முட்டை வாங்குங்க. ஒண்ணு ஃப்ரீசர்ல, ஒண்ணு வெளிய. நாளைக்கு ஃப்ரீசர் முட்டைய இளக விட்டு, ரெண்டையும் உடைங்க."

மறுநாள் சாயங்காலம் டீச்சர் இரண்டு தட்டோடு ஸ்டெல்லாவின் கடைக்கே இறங்கி வந்துவிட்டார். கேட்டில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தி, எல்லோர் முன்னாலும் உடைத்தார். ஃப்ரீசர் முட்டையின் கரு துள்ளியது. மற்றது சாதுவாகத் தட்டில் பரவியது.

"தப்பு என் ஃப்ரிட்ஜ் மேலதான். ஸ்டெல்லா, ஒரு டஜன் குடும்மா."

"குடுக்கறேன் மிஸ். டோர்ல வைங்க, போதும்!"

டீச்சர் கெட்டிக்காரர். இதையும் வீடியோ எடுத்து அதே குரூப்பில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் கடைப் பேச்சே வரவில்லை. பார்க்கிங் சண்டைக்கே நேரம் போதவில்லையாம்.

இன்று காலை கொள்ளேகாலிலிருந்து என் மச்சான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான்.

டீச்சருடைய இரண்டாவது வீடியோ! ஆனால் முட்டை துள்ளும் இடத்தோடு எவனோ வெட்டிவிட்டான். கீழே: 'டீச்சரே நிரூபித்துவிட்டார்! உடனே பகிரவும்!'

போன் செய்தேன்.

"மச்சான், நீங்க முட்டை யாவாரமாச்சே. சூதானமா இருங்கன்னுதான் அனுப்புனேன்."

"டேய், அது பாதிதான்டா. முழு வீடியோ அனுப்பறேன், பாரு."

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"ரெண்டு நிமிஷம்."

"அவ்வளவு நேரமெல்லாம் யாரு மச்சான் பாப்பாங்க!"