நூறு பிள்ளைகளும் ஏழு கபடிக்காரர்களும்

நூலகர் வேலை என்பது, உள்ளே வந்தவர்களிடம் "சத்தம் போடாதீங்க" என்றும், வராதவர்களிடம் "வாங்க, வாங்க" என்றும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருப்பது. இரண்டையும் யாரும் காதில் வாங்குவதில்லை. இந்த உத்தியோகத்தில் என்னோடு சேர்ந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. மற்றவர்கள் ஒரு உச்சுக் கொட்டிவிட்டு மேலே படிக்கலாம்.

என் நூலகம் நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை ஹால். முக்கால்வாசி பெரியவர்கள் பகுதி. மீதி ஒரு மூலையில் தகர அலமாரி, நாலு குட்டி ஸ்டூல், கிழிந்த கோரைப்பாய். அதுதான் குழந்தைகள் பகுதி. பள்ளிக்கூடம் விட்டதும், பட்டாசுக் கம்பெனி வேனில் அம்மா வந்து இறங்கும்வரை ஊர்ப்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது அந்தப் பாயில்தான். என் நாலு வயது மகள் மதியும் அங்கேதான்.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் குழந்தை உறுப்பினர்கள் நூறு பேர் சேராவிட்டால் குழந்தைகள் பகுதியை டவுன் நூலகத்துக்கு மாற்றிவிடுவார்களாம். என் ரிஜிஸ்டரில் இருந்தது முப்பத்தெட்டு பேர். டவுனுக்குப் போக லோடு லாரி பறக்கிற மெயின் ரோட்டைத் தாண்ட வேண்டும். எந்த அம்மா அனுப்புவாள்? பிள்ளைகள் பழையபடி பூட்டின வீட்டு வாசலில்தான் உட்கார வேண்டும்.

நான் வேறு பயந்தாங்கொள்ளி. கான்வென்டில் சிஸ்டர்கள் கடவுளுக்குப் பயப்படச் சொன்னார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் எல்லாவற்றுக்கும் பயந்து பழகிவிட்டேன். கட்டிக்கொடுத்த இடமோ பட்டாசு ஊர், கணவர் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன்.

நூலகத்துக்குப் பின்னால் கபடி மைதானம். ஆடுகிற ஏழு பேரும் பகலில் லோடுமேன்கள், டீம் கேப்டன் காளி அண்ணன். பேப்பர் பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். கடிதத்தை நீட்டினேன். "அறுபத்திரெண்டு பிள்ளைகதான தங்கச்சி? நாங்க ஏழு பேரு இருக்கோம். நீங்க சும்மா பயப்படாம இருங்க" என்றார். சும்மா இருக்கத் தெரியும். பயப்படாமல் இருக்கத்தான் தெரியாது.

முடிவெட்டப் போன யானை

அண்ணனின் முதல் யோசனை, கபடி பாடுகிற ஒரே மூச்சில் ஒரு கதைப் புத்தகத்தை முழுசாகப் படித்துக் காட்டுவது. எதிராளியின் கோட்டுக்குள் போனவன் மூச்சு விடக்கூடாதல்லவா, அதே சட்டம். தெருத்தெருவாக மைக்கில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் மைதானத்தில் பிள்ளைகள் கூட்டம். நான் எடுத்துக் கொடுத்தது, முடிவெட்டிக்கொள்ளக் கடைக்குப் போன யானையின் கதை. பதினாறு பக்கம். அண்ணன் தொடையில் ஒரு தட்டு தட்டி, கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, உள்ளே பாய்ந்தார்.

முற்றுப்புள்ளி கிடையாது, கமா கிடையாது. குனிந்து, ஒரு கையில் புத்தகம், மறு கையை வீசிக்கொண்டு, காலால் மண்ணைச் சீய்த்தபடி படித்தார். பக்கம் திருப்புவதற்கு மட்டும் தனியாக ஒரு ஆள் கூடவே ஓடினார். பதினோராவது பக்கத்தில், யானை நாற்காலியில் உட்காரப் போகிற நேரம், அண்ணன் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து மூச்சு அறுந்துவிட்டது. மண்ணில் மல்லாந்தார். "அப்புறம், அப்புறம்" என்று பிள்ளைகள் மொய்த்தார்கள். அவர் எழுந்து தூசி தட்டி, கோட்டுக்கு வெளியே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டார். அவுட்டானவன் ஆட்டத்துக்குள் பேசக்கூடாதாம். மற்ற ஆறு பேரும் நீதிபதிகளைப் போலத் தலையாட்டினார்கள்.

மிச்சம் ஐந்து பக்கம் நூலகத்துக்குள் இருக்கிறது, உறுப்பினராகச் சேர்ந்தால் படிக்கலாம் என்று அறிவித்தேன். அன்றைக்கு மட்டும் பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். புத்தகம் என்னவோ ஒரே பிரதி. வரிசையில் முதலில் நின்ற பாவாடைச் சிறுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "அண்ணே அவுட்டானது இருக்கட்டும் டீச்சர். நாக்காலி ஒடைஞ்சிச்சா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க."

மேஜைக்கு அடியில்

மறுநாள் இரண்டாவது கதை. பாதியில் தெற்கே 'டமார்' என்று ஒரு சத்தம். இந்த ஊரில் சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரு நொடி நின்று, எந்தத் திசை, என்ன மாதிரிச் சத்தம் என்று காதாலேயே பார்த்துவிட்டு நடையைத் தொடருவார்கள். எனக்கு அந்தப் படிப்பு இன்னும் வரவில்லை. நிதானம் வந்தபோது நான் மைதானத்தில் போட்டிருந்த மேஜைக்கு அடியில் மதியை இறுக்கிக்கொண்டு, கணவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தேன். "உசுரோடதான் இருக்கேன். இன்னைக்கு இது மூணாவது தடவ" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். காளி அண்ணன் இதெல்லாம் நடக்கும்போதும் மூச்சு விடாமல் படித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் குனிந்து என்னை எட்டிப் பார்த்தான். "டீச்சர், அது கம்பெனியில டெஸ்டு அடிக்காக. வெளிய வாங்க, கத ஓடிக்கிட்டு இருக்கு."

ஓவர் வெயிட்டு

அடுத்து, வராத பிள்ளைகளின் வீட்டுக்கே போய்ச் சேர்க்கலாம் என்று ஏழு பேரும் விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு நாளில் இருபத்து மூன்று விண்ணப்பம் வந்தது. எடுத்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் வயதுக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, 'எடை 17 கிலோ', 'எடை 21 கிலோ' என்று எழுதியிருக்கிறது. கபடி டோர்னமெண்ட் என்றால் ஐம்பத்தைந்து கிலோப் பிரிவு, அறுபது கிலோப் பிரிவு என்றுதான் நடக்கும், எடை போடாமல் யார் பெயரையும் எழுதமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில், பிள்ளைகளைப் பழைய பேப்பர் கடைக்குக் கூட்டிப்போய், ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். குழந்தைகள் பகுதி என்றால் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அவர்களாகவே ஒரு பிரிவும் முடிவு பண்ணிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, கையில் அலுமினியப் பவுடர் மினுமினுக்க, நேராக என் மேஜைக்கு வந்தார். பின்னால் கொழுகொழுவென்று அவர் மகன், ஐந்தாம் வகுப்பு, கண் கலங்கி நின்றான். நான் நாற்காலியை விட்டு எழுந்து, எதற்கும் இருக்கட்டும் என்று அலமாரிப் பக்கமாக நகர்ந்துகொண்டேன். "எம் பிள்ள ரெண்டு கிலோ கூட இருக்கான்னு சேக்க மாட்டேன்னுட்டீகளாம்" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா. "இங்கன புஸ்தகம் படிக்கச் சொல்லிக் குடுக்கீகளா, இல்ல பிள்ளைய எடைக்கு வாங்குதீகளா?"

நான் அவர் எதிரிலேயே இருபத்து நாலாவது விண்ணப்பத்தை எழுதினேன். ஆக எண்பத்தொன்று.

தராசில் ஏறியது

அடுத்து உதவிக்கு வந்தவள் முத்துமாரி, ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கிற பெண். பளு தூக்குவதில் மாவட்ட அளவில் பதக்கம் வாங்கியவள். "நூலகப் புஸ்தகத்தையே மூட்டையாக் கட்டி ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுத் தூக்கிக் காட்டுதேன்க்கா" என்றாள். கம்பியின் இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆகவே குழந்தைகள் அலமாரியைக் காலிசெய்து இரண்டு சாக்கில் போட்டு, எடை பார்க்க அதே பேப்பர் கடைக்குக் கொண்டுபோனாள். தராசில் வைத்துவிட்டு எதிரே டீ குடிக்கப் போயிருக்கிறாள்.

நான் போய்ப் பார்த்தபோது தராசு காலி. பிரஸ்களிலிருந்து வந்த காலண்டர் கட்டிங், லேபிள் கட்டிங் கழிவோடு சேர்த்து, என் இரண்டு சாக்கும் பேப்பர் மில்லுக்குப் போகிற லாரியில் ஏறியிருந்தது. தார்ப்பாய் கட்டி, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. ஸ்டாக் ரிஜிஸ்டரில் இந்த முந்நூறு புத்தகங்களுக்கு எதிரே என்ன எழுதுவேன், கூழ் என்றா? முத்துமாரி டீ கிளாஸோடு ஓடிவந்து விசில் அடித்தாள். மைதானத்திலிருந்து ஏழு பேரும் பறந்து வந்து, பாடி வந்தவனைப் பிடிக்கக் கை கோப்பார்களே, அப்படிச் சங்கிலி கோத்து லாரியின் முன்னால் நின்றார்கள். ஒருவர் மட்டும் பழக்க தோஷத்தில் லாரியின் முன் சக்கரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

தார்ப்பாயைப் பிரித்து, சாக்குகளைத் தோண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. சில புத்தகங்களுக்குள் சரவெடி லேபிள்கள் புகுந்திருந்தன. பிள்ளைகள் அவற்றை இன்றும் பக்க அடையாளமாக வைத்திருக்கிறார்கள். கடைக்கார அண்ணாச்சி கடைசிவரை தன் மேல் தப்பில்லை என்றே சாதித்தார்: "எடை போடச் சொன்னா எடை போட்டேன். என் கடைத் தராசுல ஏறுனது லாரிக்குத்தான் போகும். நேத்து அம்புட்டுப் பிள்ளைகளையும் ஏத்துனாகளே, அதுகளத் திருப்பி அனுப்புனதே பெரிய விஷயம்."

தலைக்கு மேல் நூலகம்

மாதம் முடிய மூன்று நாள். சட்டம் இதுதான்: புதிதாகச் சேருகிற பிள்ளை ஒவ்வொன்றும் தன் கையால் ஒரு புத்தகத்தை முத்துமாரியின் மூட்டையில் போடலாம், போடப்போட அவள் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் தூக்க முடியாமல் தோற்றால் கபடி டீம் ஏழு பேரும் மொட்டை போட்டுக்கொள்வார்கள். மொட்டை விஷயம் அண்ணன் சொல்லி எனக்குத் தெரியாது, மைக் சொல்லித்தான் தெரியும். அவ்வளவுதான், முத்துமாரியைத் தோற்கடித்தே தீருவதென்று பிள்ளைகள் பக்கத்துத் தெரு, அடுத்த தெரு, சித்தி வீட்டுக்கு வந்திருந்த பிள்ளை என்று இழுத்துக்கொண்டு வந்தார்கள். படிக்கிற ஆசையில் இல்லை. ஏழு மொட்டைகளைப் பார்க்கிற ஆசையில்.

கடைசி முறை அவள் குனிந்து கம்பியைப் பிடித்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். கான்வென்டில் சொல்லிக்கொடுத்த ஜெபம் தானாக வந்தது. எங்கள் வீட்டுச் சாமி கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று நடுவில் கருப்பசாமியையும் சேர்த்துக்கொண்டேன். திறந்து பார்த்தால், இரண்டு மூட்டையும் அவள் தலைக்கு மேலே. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கால் நடுங்குகிறது, ஆனால் பார்வை மட்டும் வலதுபக்கச் சாக்கின் வாயில் குத்திட்டு நிற்கிறது. கீழே போடு, போதும் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அக்கா, அந்தப் பச்சை அட்டைக்குத் தையல் விட்டிருக்கு பாருங்க. நாளைக்குக் குடுத்துவிடுங்க, தச்சுத் தாரேன்."

மொட்டைகள் தப்பின. ரிஜிஸ்டரில் நூற்று மூன்று.

ஆபீசர் அளந்த ஹால்

கடைசி நாள் ஆபீசர் வந்தார். விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எடை எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். நான் டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். எண்ணிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டார். நான் மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது. அவர் பையிலிருந்து டேப்பை எடுத்து ஹாலை அளக்க ஆரம்பித்தார். நூற்று மூன்று பிள்ளைகளுக்கு இந்த மூலை போதாது, முழு ஹாலும் வேண்டும். ஆகவே குழந்தைகள் பகுதி இங்கேயே இருக்கும், பெரியவர்கள் பகுதி டவுனுக்குப் போகும் என்று எழுதினார். பேப்பர் மேஜை, பெஞ்சுகள், நாற்காலிகள், எல்லாம்.

ஏற்றிவிட லோடுமேன்கள் யாராவது உண்டா என்றும் அவரே கேட்டார். உண்டு. ஏழு பேர் மைதானத்தில் இருந்தார்கள். தாங்கள் தினமும் உட்கார்ந்து பேப்பர் படித்த பெஞ்சைத் தாங்களே தூக்கி மினி லாரியில் ஏற்றினார்கள். நான் வாசலில் நின்று, நன்றி சொல்வதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, காலியான ஹாலில் மதியும் மற்றப் பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த காளி அண்ணன், துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லாத்தான் ஆடுனோம் தங்கச்சி. கடைசியில பாத்தா நாங்க ஏழு பேருந்தான் கோட்டுக்கு வெளிய இருக்கோம்."

முன்பெல்லாம் ஒரே ஒரு பிள்ளைக்காகப் பயந்துகொண்டிருந்தவள், இப்போது நூற்று மூன்று பிள்ளைகளுக்காகப் பயப்படுகிறேன். உத்தியோக உயர்வு என்பது இதுதான் போலிருக்கிறது.