கோளாறு வண்டிக்கா, ஊசியம்மாவுக்கா

வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிறதே என்று ஒரு மெக்கானிக் வயிறெரிந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பேப்பர் மாஸ்டரின் பட்டறைக்கு வந்திருந்தால் பார்த்திருக்கலாம். சாவியைத் திருப்புவார், இன்ஜின் சமத்துப் பிள்ளையாக உறுமும். அணைத்துவிட்டு மறுபடி திருப்புவார், மறுபடியும் உறுமும். காலையிலிருந்து நாற்பத்து மூன்று தடவை ஆகிவிட்டது. ஒரே ஒரு தடவை அது எடுக்காமல் முரண்டு பிடித்தால் போதும் என்று மனுஷன் தவித்துக்கொண்டிருந்தார். சனியன் பிடித்த கார், மசியவே இல்லை.

காரின் சொந்தக்காரர் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊசியம்மா என்றால்தான் அந்தப் பக்கத்தில் அவரைத் தெரியும். அறுபத்து நாலு வயது. பரிசோதனை நிலையத்துக்காக விடியற்காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வருகிற வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், மாடிப்படி இறங்க முடியாதவர்கள் எல்லாம் வெறும் வயிற்றோடு இவருக்காகக் காத்திருப்பார்கள். எவ்வளவு ஒல்லியான நரம்பாக இருந்தாலும் ஒரே குத்துதான், இரண்டாவது குத்து கிடையாது. இன்ஜினையே தூக்கி இறக்குகிற பேப்பர் மாஸ்டர் இவரிடம் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிய கதையை மாஸ்டரின் மனைவி இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர் ஊசியம்மாவின் ஒரே மகன். வெளியூரில் வேலை. இந்தக் காரை வாங்கிக்கொள்ள அவரே ஒரு ஆளைப் பிடித்து, ஆறு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அதற்குள் கோளாறு இன்னதென்று தெரியாவிட்டால் கார் கைமாறும். ஊசியம்மா வேலையை விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, மகன் வீட்டுப் பின்னறைக்குப் போக வேண்டும். மகன் முடிவு பண்ணிவிட்டார். அம்மாவும் சரி என்று சொல்லிவிட்டார், அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை என்று இருந்தது.

மாஸ்டருக்குப் பேப்பர் என்று பேர் வந்த கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர் பட்டறையில் வேலை பார்த்தபோது, புத்தம் புதுக் கார் ஒன்றுக்குள் கிரீஸ் ஒட்டிய செருப்போடு ஏறிவிட்டார். உள்ளே முழுக்க வெள்ளைக் கம்பளம். வண்டிக்காரரும் முதலாளியும் சேர்ந்து, தெருவே வேடிக்கை பார்க்க, மனுஷனை நாறடித்துவிட்டார்கள். அன்றைக்குப் பிடித்த பழக்கம் இது. எந்தக் காராக இருந்தாலும் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக, கால் வைக்கிற இடத்தில் கிடக்கும் கால்மிதி மேட்டைச் சுருட்டி டிக்கியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பழைய செய்தித்தாளை விரிப்பார். அப்புறம்தான் ஏறி உட்காருவார். கூட்டிக்கொண்டு போக வந்த ஆம்புலன்ஸாக இருந்தாலும் பேப்பர் போட்டுவிட்டுத்தான் ஏறுவார் என்று மனைவி கிண்டல் பண்ணுவார். மாஸ்டருக்கு அதில் பெருமைதான். தன் பட்டறையிலிருந்து ஒரு வண்டி அழுக்குப் படாமல் வெளியே போகிறது என்பதில் அப்படி ஒரு கர்வம்.

ஊசியம்மாவின் தொல்லை ஏழு வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. "சாவியைத் திருப்பினா விளக்கெல்லாம் எரியுது மாஸ்டர், ஆனா சத்தமே இல்லை. ஒரு டிக் கூட வரலை. பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா, எதுவுமே நடக்காத மாதிரி எடுக்குது" என்றார். மாஸ்டர் உட்கார்ந்து திருப்பினார், எடுத்தது. பேட்டரி பழசு என்று மாற்றிக் கொடுத்தார். அடுத்த வாரமே மறுபடி வந்தார். மாஸ்டர் ஸ்டார்ட்டருக்குப் போகிற வயரையெல்லாம் கழற்றி, சுரண்டி, இறுக்கிக் கொடுத்தார். "கியர் போடும்போதும் சில நாள் கரகரன்னு அடம் பிடிக்குது" என்று ஊசியம்மா சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. ஒரு வண்டியைப் பற்றி ஒரு அம்மா அடுக்கிக்கொண்டே போனால் நம் ஆட்கள் காது கொடுக்கிற லட்சணம்தான் தெரியுமே.

மூன்றாவது தடவை காலை ஆறு மணிக்குப் போன் வந்தது. நோயாளி ஒருவர் வீட்டு வாசலில் கார் நின்றுவிட்டது, எடுத்த ரத்தம் பெட்டியில் இருக்கிறது, நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அத்தனையும் வீண். மாஸ்டர் அடித்துப் பிடித்துக்கொண்டு போனார். ஊசியம்மா காருக்கு வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். மாஸ்டர் கதவைத் திறந்தார். ரோட்டிலுமா என்று கேட்காதீர்கள், பழக்கம் விடுமா? மேட் டிக்கிக்குப் போனது, பேப்பர் விரிந்தது, சாவி திரும்பியது, வண்டி எடுத்தது. ஊசியம்மாவின் முகம் செத்துப்போய்விட்டது. "நான் அரை மணி நேரமா எடுத்துப் பார்த்தேன் மாஸ்டர், சத்தியமா" என்றார்.

அன்றைக்குச் சாயந்திரம் மகன் போன் பண்ணினார். "உண்மையைச் சொல்லுங்க மாஸ்டர். கோளாறு வண்டிக்கா, அம்மாவுக்கா? பாட்டிக்கு மறதி வந்தது இந்த வயசுலதான். கதவுச் சாவியை எப்படித் திருப்புறதுன்னே மறந்துட்டு நின்னாங்க."

தெரியவில்லை என்று மாஸ்டர் சொல்லியிருக்கலாம். ஊர்க்கதையெல்லாம் பேசுகிற வாய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மூன்று தடவை தேடியும் ஒன்றும் அகப்படாத கடுப்பு. "வண்டியில ஒண்ணும் இல்லை தம்பி" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அவங்களுக்கும் வயசாகுது இல்லையா" என்று ஒரு வாலையும் சேர்த்து ஒட்டிவிட்டார். அந்த வால்தான் இன்றைக்கு இங்கே வந்து நிற்கிறது. போனை வைத்த நிமிஷத்திலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே குத்தில் நரம்பைப் பிடிக்கிற கைக்கு ஒரு சாவியைத் திருப்பத் தெரியாமல் போகுமா? கடைசியாக அவரே மகனுக்குப் போன் பண்ணி, "ஒரு நாள் முழுக்க வண்டியை எங்கிட்ட விடுங்க" என்று கேட்டு வாங்கினார்.

அந்த ஒரு நாள்தான் இப்படிக் கரைந்துகொண்டிருந்தது. ஃபியூஸ், ரிலே, சாவி போடுகிற சுவிட்ச் எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. கிளட்ச் பெடலின் அடியில் ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. பெடல் கடைசி வரை அமுங்கினால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் போகும். அதையும் சோதித்துவிட்டார், அது கல்லு மாதிரி இருந்தது. காரை வெயிலில் நிறுத்திச் சூடேற்றினார். தண்ணீர் தெளித்துப் பார்த்தார். இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு வயராகப் பிடித்து ஆட்டினார். தலைகீழாக நின்றும் நடக்கவில்லை. மணி நாலே முக்கால். உள்சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"போதும் மாஸ்டர்" என்றார் மகன். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "நீங்களும் எவ்வளவுதான் பார்ப்பீங்க. விட்டுடுங்க."

"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு தம்பி."

"எனக்கு மட்டும் ஆசையா சொல்லுங்க? போன மாசம் பாலத்துக்குக் கீழ ரெண்டு மணி நேரம் தனியா நின்னிருக்காங்க. அங்க யாராவது ஏதாவது பண்ணியிருந்தா? எனக்கு வேலையில உட்கார முடியலை."

ஊசியம்மா எழுந்தார். போன வருஷம் இடது முட்டியில் ஆபரேஷன் ஆனதிலிருந்து எழும்போது ஒரு நொடி நின்று நிதானித்துத்தான் நடப்பார். "வீடு வரைக்கும் நானே ஓட்டிட்டு வரேன்பா. கடைசியா ஒரு தடவை" என்றார். மகன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

ஊசியம்மா தன் சாமானை அதனதன் இடத்தில் வைக்காமல் ஒரு அடி எடுத்து வைக்கிற ஆள் இல்லை. கீழே விரித்திருந்த பேப்பரை எடுத்து மடித்து மாஸ்டரிடம் கொடுத்தார். டிக்கியைத் திறந்து மேட்டை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, இருந்த இடத்தில் போட்டார். ஏறி உட்கார்ந்து சீட்டை முன்னால் இழுத்தார். கதவு திறந்தபடியே இருந்தது. சாவியைத் திருப்பினார்.

சத்தமே இல்லை.

மறுபடி திருப்பினார். முன்னால் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தது. ஒரு டிக் கூடக் கேட்கவில்லை.

மாஸ்டர் சந்தோஷத்தில் துள்ளிவிட்டார். ஒரு வண்டி எடுக்காததற்காக ஒருவன் இப்படிப் பூரித்துப் போவதை வேறு எங்கே பார்ப்பது? "அம்மா, அசையாதீங்க. கால் எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டே கதவோரம் மண்டி போட்டு உள்ளே தலையை விட்டார்.

பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அப்படியே வற்றிவிட்டது. ஊசியம்மாவின் இடது கால் கிளட்ச்சை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பெடல் கடைசி வரை போகவில்லை, இரண்டு விரல் அளவுக்கு மேலேயே நின்றது. மாஸ்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த மகனுக்கும் அது தெரிந்துவிட்டது.

"முட்டி" என்றார் மகன் மெதுவாக. "அம்மா, உன்னால முழுசா அழுத்த முடியலை. அதுதான்."

"நான் அழுத்துறேன்பா. இதுக்கு மேல போகலை." ஊசியம்மாவின் குரல் உள்ளே போய்விட்டது. "அழுத்துறேன்னுதான் நினைச்சேன்."

மாஸ்டருக்கு, காப்பாற்ற வந்து கடைசியில் தானே கழுத்தை அறுத்துவிட்டோமே என்று இருந்தது. இதோ கோளாறு அகப்பட்டுவிட்டது, அது இந்த அம்மாவின் காலில்தான் இருக்கிறது என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எப்படி அந்த முகத்தைப் பார்ப்பது? ஆனால் ஒரு தடவை அவசரப்பட்டு வாயை விட்டுப் பட்டது போதும். இருபத்தாறு வருஷம் பழகிய கை, சும்மா கண்ணால் பார்த்ததை நம்ப மறுத்தது.

"அம்மா, கீழ எதையும் இழுக்காம, காலை மேல தூக்கி மெதுவா இறங்குங்க" என்றார். அவர் இறங்கியதும் மகனைப் பார்த்து, "தம்பி, நீங்க உட்காருங்க. அதே மாதிரி, எதையும் நகர்த்தாம."

"நானா? எதுக்கு?"

"உட்காருங்க தம்பி."

மகன் ஆறடி. உட்கார்ந்ததில் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. இடது காலால் கிளட்ச்சை மிதித்துச் சாவியைத் திருப்பினார். சத்தமில்லை. இன்னும் பலமாக மிதித்தார். முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் காலில் இறக்கினார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம், வண்டி வாயைத் திறக்கவில்லை. பெடல் அதே இரண்டு விரல் மேலே நின்றது. மகன் திரும்பி அம்மாவைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மாஸ்டர் குனிந்து மேட்டைப் பிடித்துத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்தார். "இப்ப திருப்புங்க."

இன்ஜின் உறுமியது.

தடித்த மேட். கனமான ரப்பர், மேலே மெத்து மெத்தென்று பஞ்சு. முன்னால் நழுவிப் போய் பெடலுக்கு அடியில் மடிந்து உட்கார்ந்துகொண்டு, அதைக் கீழே இறங்க விடாமல் முட்டுக்கொடுத்திருக்கிறது. கியர் கரகரத்ததும் அதனால்தான். இறங்கி ஏறும்போது சில நாள் காலோடு பின்னால் வந்துவிடும், அன்றைக்கு வண்டி எடுக்கும். மாஸ்டரோ கதவைத் திறந்ததுமே அதைச் சுருட்டி டிக்கியில் வைத்துவிட்டுத்தான் கோளாறையே தேட ஆரம்பிப்பார். பிறகு எங்கேயிருந்து அகப்படும்? ஊசியம்மா மூன்று தடவை புகார் சொன்னாரே, ஒரு தடவையாவது அவரையே உட்காரச் சொல்லி, நீங்கள் எடுங்கள் பார்க்கலாம் என்று கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். மாஸ்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"இந்த மேட் எப்பம்மா போட்டீங்க?" என்று கேட்டார்.

இன்ஜினை அணைத்துவிட்டு மகன்தான் சொன்னார். "நான் வாங்கிக் கொடுத்தேன். முட்டி வலி இருக்கே, காலுக்கு இதமா இருக்கட்டும்னு. ரெண்டு மாசம் இருக்கும்."

மாஸ்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, அன்னைக்குப் போன்ல நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியலைன்னு சொல்லியிருக்கணும். தெரியலைன்னு சொல்ல ரோஷமா இருந்துச்சு. அம்மா தலையில போட்டுட்டேன்" என்றார். ஊசியம்மாவின் பக்கம் திரும்பினார்.

ஊசியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவர் திட்டவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏழு வாரமா, படுக்கப் போறதுக்கு முன்னால என் பேரு, வீட்டு நம்பர், உங்கப்பா பேரு, உன் பொறந்த தேதி எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துட்டுத்தான் படுக்கிறேன்" என்றார் மகனிடம். "ஒரு நாள் உன் பொறந்த தேதி சட்டுன்னு வரலை. விளக்கைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டேன். எங்கம்மா மாதிரி ஆயிட்டேன்னு நினைச்சேன். உன்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. அதான் நீ வான்னு கூப்பிட்டதும் சரின்னு சொல்லிட்டேன்."

மகன் இன்னும் ஓட்டுகிற சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் இருந்தன. மெதுவாக இறங்கினார். அந்தத் தடித்த மேட்டைச் சுருட்டி வெளியே எடுத்து ஓரமாக வைத்தார். காரின் பின்பக்கமாகச் சுற்றிப் போய், மறுபக்கக் கதவைத் திறந்து, ஓட்டுகிற சீட்டை அம்மாவுக்கு விட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

"நீ எடும்மா" என்றார்.