பாலக்கயிறு என்கிற ஈப்பிடிச்சான்

லாஹாய் வாயைத் திறந்தால் மோவா ஆறே ஒதுங்கி வழிவிடும் என்று நேயாஹுன் ஊர்க்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அடிக்கட்டுமே. அந்த ஆற்றின் மேல் வருஷா வருஷம் கொடிப்பாலம் தொங்கவிடுகிற மனிதர் வாயைப் பொத்திக்கொண்டா இருப்பார்? "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "கடவுள் மேல குத்தமில்ல" என்பதுதான் அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பதில். லாஹாய் அதோடு நிறுத்தமாட்டார். "கடவுள் மேல குத்தமில்ல, என் பாலத்து மேலயும் குத்தமில்ல" என்பார். பொய்யும் இல்லை. அரிசி மூட்டையோடு போனவர்கள், பிள்ளைவலியோடு தூக்கிப் போகப்பட்டவர்கள் எல்லோரும் பத்திரமாக அக்கரை சேர்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பாலத்துக்கு உயிரே இரண்டு வடங்கள்தான். வடத்துக்காக ஆண்கள் காட்டிலிருந்து வெட்டிவரும் கொடிக்குப் பாலக்கயிறு என்று பெயர். மரத்தின் உச்சி வரை ஏறும். எவ்வளவு முறுக்கினாலும் பிளக்காது. கொஞ்ச வருஷமாக அது கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது. இந்த வருஷம் காட்டைச் சல்லடை போட்டுச் சலித்தும் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. "ஒன்னு போதும்யா! மழைக்கு முன்னால பாலம் நிக்கும், என்னை நம்புங்க" என்று ஊர்த்தலைவர் முன்னிலையில் லாஹாய் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வெட்டுக்கத்தியோடு போனால், கொடியின் அடியில் பைண்டு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஊரில் பிறந்தவள், பெரியவர்களை அப்பா, அம்மா என்றுதான் கூப்பிடுவாள். கெனிமா கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள்.

"அப்பா, கத்தியக் கீழ போடுங்க."

"வந்ததும் வராததுமா அதிகாரமா? முதல்ல சோறு தின்னியா மகளே?"

"தின்னாச்சு. இந்தச் செடியப் பத்தி உலகத்துல இன்னும் யாரும் எழுதல. இலை, பூ எல்லாம் பாத்து எழுதிட்டேன். விதை முத்தினாத்தான் விவரம் முழுசாகும். மேல பாருங்க, காய் இன்னும் பச்சையா இருக்கு."

"உன் எழுத்துக்காக ஊரையே ஆத்துல நீந்தச் சொல்றியா?"

"எழுத்துக்காக மட்டும் இல்லப்பா. இதுதான் உங்க வீட்டு அடுப்படியில தொங்குற ஈப்பிடிச்சான்."

லாஹாய் சிரித்த சிரிப்பில் மேலே இருந்த இருவாச்சிகள் பறந்தே போய்விட்டன. ஈப்பிடிச்சான் பெண்கள் சமாச்சாரம். காட்டுத் தரையில் முழங்கால் உயரம் வளரும். மழை நெருங்கும்போது நூல்போல மெல்லிசாக, தொட்டால் ஒட்டும் இலை விடும். கொத்தாகப் பறித்துச் சோற்றுப் பானைக்கு மேலே கட்டினால் ஈயெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். ஆண்கள் அதைப் பறிக்கமாட்டார்கள். பெண்கள் பாலக்கயிறு என்ற பெயரையே வாயால் சொல்லமாட்டார்கள். அவர்கள் பேச்சு அவர்களோடு, இவர்கள் பேச்சு இவர்களோடு. அப்படியே தலைமுறைகள் போயாயிற்று.

இப்போதெல்லாம் லேசில் அகப்படாத அந்த இலையைத் தேடிக் கூடையும் கையுமாக லாஹாயின் மனைவி யெமாவும் கூடவே வந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் சொன்னதை ஒருமுறைகூட ஒத்துக்கொள்ளாதவள், அன்றைக்கு ஒத்துக்கொண்டாள்.

"அவரு சொல்றது சரிதாம்மா. எங்க இலை தரையில கெடக்குறது. இது வானத்துல நிக்குது. படிச்ச புள்ள இப்படி உளறலாமா?"

பைண்டு கொடியின் அடியில் குவிந்திருந்த சருகைக் கையால் விலக்கினாள். தூரிலிருந்து ஒரு தளிர் கிளம்பி, பக்கத்து மரத்தைப் பிடித்து ஏறியிருந்தது.

"விரலை வச்சுப் பாத்துக்கிட்டே வாங்கம்மா. கீழ வெறும் நீட்டு இலை. அதுக்கு மேல?"

யெமா தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. அதே பிசின், அதே வாசனை.

"இன்னும் மேல?"

மேலே இலையின் நுனியில் இரண்டு சின்னக் கொக்கிகள், மரப்பட்டையைக் கவ்விக்கொண்டிருந்தன. அது லாஹாய்க்குத் தெரிந்த இலை. அந்தக் கொக்கி கீறிய தழும்பு அவர் கை நிறைய இருக்கிறது. ஒரே தண்டில் மூன்று இலை. சின்னதில் ஈப்பிடிச்சான், வளர்ந்து ஏறினால் பாலக்கயிறு.

யெமா மெல்லத் திரும்பினாள்.

"அப்போ என் இலை காட்டுல இல்லாமப் போனதுக்கு நீதான் காரணமா? பாவி மனுஷா! உன் தங்கச்சிதான் வேரோட புடுங்குறான்னு அவ மூஞ்சியில காறித் துப்பினேனே! இத்தனை வருஷமா அவளோட பேச்சில்லையே!"

விதை விடும் கொடியைத் தேடித் தேடிச் சாய்த்தது லாஹாயின் கத்திதான். வெட்டினால் காட்டில் கடைசி ஈப்பிடிச்சானும் போய்விடும். வெட்டாவிட்டால் ஊர் நடுவில் கொடுத்த வாக்குப் போய்விடும். கத்தியை உறையில் செருகினார். நேரே தலைவர் வீட்டு முற்றத்துக்கு நடந்தார்.

"பாலக்கயிற வெட்டப் போறதில்ல. பிரம்ப மூணு புரியா முறுக்கி வடம் போடுறேன்."

"பெரியவருக்குக் கை நடுங்குது போல" என்று ஒருவன் நக்கலடித்தான்.

"நடுங்குதுடா. நான் வெட்டி வெட்டித்தான் அது தீந்துச்சு. அதை நெனச்சா நடுங்குது. ஆனா முறுக்குற கை நடுங்காது. புதுப் பாலத்துல முதல்ல நான்தான் நடப்பேன். அறுந்தா கரையில நின்னு சிரிச்சுக்கோ!"

முதல் மழை இறங்குவதற்குள் பிரம்புப் பாலம் தொங்கியது. முறுக்கும்போது உள்ளங்கை கிழிந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஊரே கரையில் நிற்க, நடுப்பாலத்தில் நின்று குதித்தும் காட்டினார் மனுஷர். பாலம் ஆடியது, அறுபடவில்லை. யெமா கண்ணை மூடிக்கொண்டு நாத்தனாரின் கையைப் பிடித்திருந்தாள். முந்தின வாரம்தான் காலில் விழாத குறையாகச் சமாதானம் பேசியிருந்தாள்.

கொடியில் காய் முற்றி வெடித்தது. ஒவ்வொரு விதையும் நீளக் காம்பில், சிவந்த சின்னக் குடையாகத் தொங்கியது. பிரம்பு வளையத்தை இடுப்பில் மாட்டி ஏறி, லாஹாயே பறித்துவந்தார். கொஞ்சம் பைண்டுவுக்கு, மிச்சத்தை யெமாவும் நாத்தனாரும் காட்டில் விதைக்க.

பைண்டு விதையை அளந்து முடித்தாள்.

"விவரணையில இந்தச் செடிக்கு ஊருல சொல்ற பேரும் எழுதணும்பா. ரெண்டு பேரு இருக்கே, ரெண்டையும் போட்டுடவா?"

"ஈப்பிடிச்சான்னு மட்டும் போடு."

"ஆம்பளைங்க சொல்ற பேரு?"

"வேண்டாம் மகளே. உசுரோட நிக்கிறப்பவே அதைக் கயிறுன்னு கூப்பிட்டவங்க நாங்க."