வேண்டாவுக்குப் போட்ட படையல்

உள் அறையில் உடுக்கை ஒலித்தது.

நடையில் நின்றவளுக்கு முதலில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு உடுக்கைக்காரரின் கரகரத்த குரல் எழுந்தது. பூவோடும் பொட்டோடும் போனவளே, பெற்ற மகள் பெரியவளாகி நிற்கிறாள், வந்து ஒரு வாய் தின்று வாழ்த்திவிட்டுப் போ என்று அந்தக் குரல் கெஞ்சியது. பாட்டு முடிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"வேண்டா, வந்து எறங்கு தாயி. கேசவன் பொஞ்சாதி வேண்டா, வந்து எறங்கு."

நடையில் நின்றவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கேசவன் பெண்டாட்டி வேண்டா அவள்தான்.

தாலியோடு செத்துப்போன பெண்ணை அந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் எந்த நல்ல காரியம் வந்தாலும் முதல் படையல் அவளுக்குத்தான். புதுப் புடவையும் வளையலும் பூவும் வைத்து, அவள் ஆசைப்பட்டுத் தின்றதைச் சமைத்து, உடுக்கை அடித்துக் கூப்பிட்டுக் கும்பிட வேண்டும். விட்டுவிட்டால் செத்தவள் கோபித்துக்கொள்வாள். உயிரோடு இருக்கிறவளுக்குப் படைத்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. அப்படிப் படைக்கும் குடும்பம் ஒன்று திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே இருக்கும் என்று யார் கண்டார்கள்?

வேண்டா, வீட்டுக்கு மூன்றாவது பெண். அடுத்ததாவது ஆணாகட்டும் என்று சாமிக்கு ஞாபகப்படுத்த வைத்த பெயர். அந்த ஊர்களில் தெருவுக்கு ஒருத்தி அந்தப் பெயரில் இருப்பாள். லாரி ஓட்டும் கேசவனுக்கு வாழ்க்கைப்பட்டாள். மகள் சின்னப்பொண்ணு அரிச்சுவடி படிக்கத் தொடங்கிய வருடம், வேண்டாவின் முதுகில் தேமல் போல ஒன்று வந்தது. கேசவனின் அக்கா கன்னியம்மா பின்னால் வந்து ஊக்கால் குத்திப் பார்த்தாள். வேண்டா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியவே இல்லை. குத்தியவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியில் கேசவன் அவளைக் கொண்டுபோய் விட்டான். "மாத்திர துன்னா சரியாப் பூடும். பொங்கலுக்கு இட்டுகினு போறேன்" என்றான். சில தடவை வந்து பார்த்தான். வெளிக் கதவோடு நின்று பேசிவிட்டுப் போனான். பிறகு அதுவும் நின்றது.

பக்கத்துக் கட்டில் ஜெசிந்தாவுக்கு. மூக்கு அமுங்கி, பார்வை பாதி போனவள். ஆனால் வாய் மட்டும் வார்டு முழுக்கக் கேட்கும். ஒரு மழை நாளில் அவள்தான் ஆரம்பித்தாள்.

"வெளிய போனா இன்னாடி பண்ணுவ? வெரல் வுட்டு எண்ணிச் சொல்லு."

வேண்டா வலது கையை நீட்டினாள். கட்டை விரலைத் தொட்டு, கடையில் நாலு பேரோடு நின்று கடை கிளாசில் டீ குடிப்பேன் என்றாள். அடுத்த விரலுக்கு, ரயிலில் தரையில் இல்லாமல் சீட்டில் உட்கார்ந்து போவேன். நடுவிரலுக்கு, வளையல்காரர் கையைப் பிடித்து வளையல் போட்டுவிட வேண்டும். அதோடு நிறுத்திக்கொண்டாள். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக் கிடந்தன.

"இன்னும் ரெண்டு கீதே?"

"அது மடங்கிப் பூட்ச்சிக்கா."

"மடங்கினா இன்னா? ஆச முடிஞ்சா வெரல மடக்குவோம். ஒனக்கு ஆண்டவரே முன்கூட்டி மடக்கி வெச்சிக்கிறாரு. சொல்லு, இன்னா அது?"

"ஒண்ணு, மகாபலிபுரத்துல கடல்ல கால நனைக்கணும். இன்னொண்ணு..." வேண்டா குரலைத் தாழ்த்தினாள். "எம்மவ பெரியவளாயி ஒக்காந்தா மொத சந்தனம் நான் பூசணும். ரெண்டு கன்னத்துலயும். என் கையால."

ஜெசிந்தா இருமும் வரை சிரித்தாள். "அப்ப அந்த ஆசயும் முடிஞ்சா மாரிதான். எழுதிக்கோ." அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஜெசிந்தா போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒரு நாள் டாக்டர் வேண்டாவைக் கூப்பிட்டு, நோய் போய்விட்டது, இனி உன்னால் யாருக்கும் வராது என்றார். விரல் நிமிராது, மரத்த இடத்தில் உணர்ச்சி திரும்பாது, உதிர்ந்த புருவம் முளைக்காது, அவ்வளவுதான். வீட்டுக்குப் போகலாம் என்றார். அழைத்துப் போக யாரும் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டிலேயே பாத்திரம் தேய்க்கும் வேலையில் ஒட்டிக்கொண்டாள். லீவு கிடைத்த நாட்களில் ஒவ்வொரு விரலாக மடக்கப் புறப்பட்டாள்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் எதிரில் டீ குடித்தாள். கடைக்காரன் கொடுத்த பிறகுதான் கையைப் பார்த்தான். அவள் வைத்த கிளாசை ஒரு குச்சியால் தள்ளிச் சாக்கடையில் விழவைத்தான். அது உடைகிற சத்தம் அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது. குடித்தது குடித்ததுதான், அதற்குப் பிறகு நடந்தது ஆசையில் சேராது என்று சொல்லிக்கொண்டு கட்டை விரலை மடக்கினாள்.

ரயிலிலும் அப்படித்தான். தாம்பரம் வரை சீட்டில் உட்கார்ந்து போனாள். அந்தச் சீட்டு முழுவதும் அவளுக்கே கிடைத்தது.

வளையலுக்குத்தான் வெகு நாள் தயங்கினாள். கடைத்தெருவில் ஜெயினுலாபுதீன் பாயிடம் பெண்கள் கூட்டம் குறைந்ததும் போய்க் கையை நீட்டினாள். மடங்கிய விரல்களை அவர் பார்த்தார். உள்ளங்கையைப் பிசைந்து, விரல்களைக் குவித்து, பச்சைக் கண்ணாடி வளையலை ஏற்றினார். மூன்றாவது வளையல் உடைந்து சதையைக் கிழித்தது. ரத்தம் சொட்டியது. வேண்டா எதிர்க்கடையில் தொங்கிய ரிப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாய் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவளும் குனிந்து கையைப் பார்த்தாள். இழுத்துக்கொள்ளப் போனாள். அவர் விடவில்லை. தோள் துண்டால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு கீதும்மா. பொறுத்துக்க" என்றார். நோகாதவளைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன ஒரே மனிதர் அவர். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியெல்லாம் வேண்டா அழுதாள்.

கடைசியாக மகாபலிபுரம். பஸ்ஸை விட்டு இறங்கி, கோயிலைக்கூடப் பார்க்காமல் நேரே மணலில் நடந்தாள். அலை வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கடல் வந்து காலைத் தொடட்டும் என்று காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் முழங்கால் வரை புடவை நனைந்திருந்தது. கடல் வந்து வந்து போயிருக்கிறது. மரத்த கால் அவளுக்குச் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு பெண்கள் மடியில் சீர்த்தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். லாரிக்கார கேசவன் மகள் பெரியவளாகிவிட்டாள், இன்றைக்கு நலங்கு, நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டும் வருகிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஈரப் புடவையோடு, காலில் கடல் மணலோடு, அவர்கள் இறங்கிய இடத்தில் அவளும் இறங்கினாள்.

அப்படித்தான் அவள் தன் வீட்டு நடையில் நின்று தன் படையலைக் கேட்கும்படி ஆயிற்று.

கற்பூரம் எடுக்க வெளியே வந்தாள் கன்னியம்மா. நெற்றி வரை முக்காடு போட்டு நின்றவளைப் பார்த்து, "யாரும்மா அது?" என்றாள்.

"கூப்ட்டீங்களே அண்ணி. வந்துட்டேன்."

கன்னியம்மாவின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. அந்தக் குரலை அவள் மறந்திருக்கவில்லை. திரும்பி உள் அறைக் கதவை இழுத்துச் சாத்தினாள். படையல் போட்ட பிறகு கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பது வழக்கம்தான் என்பதால் உள்ளே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கொல்லைப் பக்கம் நின்ற தம்பியைக் கைகாட்டி அழைத்தாள்.

கேசவன் வந்தான். பார்த்தான். தூணில் சாய்ந்துவிட்டான்.

"நோவு பூட்ச்சி" என்றாள் வேண்டா. "டாக்டரே சொல்லிட்டாரு."

"ஒனக்குப் பூட்ச்சி. ஊருக்குப் பூடுமா?" என்றாள் கன்னியம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "தாய் வூட்ல மஞ்சக்காமாலையில செத்துட்டன்னு சொல்லி, கருமாதி பண்ணி, ஊருக்கே சோறு போட்டம்டி. மாப்ள வூட்டுக்காரங்க வர்ற நேரம். தாய்க்கு இன்னா வியாதின்னு தெரிஞ்சா அந்தப் பொண்ண எவன் கட்டுவான்?"

வேண்டா அவளைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "எனக்கு இன்னா படச்சிக்கீற?"

கேசவன் முழித்தான். "வடை, பாயசம்... கத்திரிக்கா கொழம்பு."

"கத்திரிக்கா எனக்கு ஆவாதே. துன்னா ஒடம்பெல்லாம் அரிக்கும். பத்து வருசம் எங்கூட வாழ்ந்தியேயா."

"அக்காதான் சமச்சாங்க" என்றான் கேசவன்.

வேண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். "நான் யாருன்னு சொல்லமாட்டேன். யாரோ வந்தவளாட்டம் சந்தனம் பூசிட்டுப் பூட்றேன். ரெண்டு கன்னம். அதுக்கப்புறம் நெசமாவே செத்தவதான்."

கேசவன் அக்காவைப் பார்த்தான். சத்தம் போட்டு ஊரைக் கூட்டிவிடுவாளோ என்ற பயம் அக்காவுக்கு. தலையசைத்தாள்.

கூடத்தில் மனைப்பலகை போட்டார்கள். உள் அறையிலிருந்து சின்னப்பொண்ணை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். படையலில் வைத்த அரக்குப் புடவையை அவளுக்குச் சுற்றியிருந்தார்கள். அழுது வீங்கிய கண்கள்; அம்மாவைக் கும்பிட்டு அழுதவள். கழுத்து வேண்டாவின் கழுத்து. நடு வகிடு வேண்டாவின் வகிடு. வேண்டாவுக்குக் கண் மறைத்தது.

"கல்பாக்கத்துல தம்பிகூட லாரி ஓட்றவரு சம்சாரம். பஸ்ஸுக்கு நேரமாச்சாம், அவங்க மொதல்ல பூசட்டும்" என்று கன்னியம்மா உரக்கச் சொன்னாள்.

முதல் சந்தனம். வேண்டா குனிந்து கிண்ணத்தில் விரலை விட்டாள். சந்தனம் குளிர்ந்திருக்கும். மகளின் கன்னம் சூடாக இருக்கும். இந்த விரலில் எவ்வளவு உணர்ச்சி மிச்சமிருக்கிறதோ அவ்வளவையும் திரட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

சின்னப்பொண்ணு அந்தக் கையைப் பார்த்தாள். மடங்கிய இரண்டு விரல்களையும் பச்சை வளையல்களையும் பார்த்தாள். பிறகு முக்காட்டுக்குள் இருந்த முகத்தை நேராகப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மயக்கமா வருது அத்த. கொஞ்சம் எழுந்துக்கறேன்" என்றாள்.

பெண்கள் பதறித் தண்ணீர் எடுக்க ஓடினார்கள். ஒருத்தி, "பாவம், பட்டினியாக் கெடக்குது" என்றாள். சின்னப்பொண்ணு தானாக எழுந்தாள். வெற்றிலை பாக்கு வைத்த தட்டை எடுத்துக்கொண்டு, "இவங்களுக்கு பஸ்ஸு பூடும், நான் அனுப்பிட்டு வரேன்" என்று முன்னால் நடந்தாள். சந்தனம் காயும் விரலோடு வேண்டா பின்னால் போனாள்.

வாசற்படிக்கு வெளியே வேண்டா முந்தானையை விரித்தாள். மேலே படாமல், உயரத்திலிருந்து, வெற்றிலை பாக்கை அதில் போட்டாள் பெண்.

"ஒரு தபா கன்னத்தக் காட்டு கண்ணு. இங்க யாருமில்ல."

"உள்ள மாப்ள வூட்டுக்காரங்க வருவாங்க." குழந்தைக் குரல்தான். நடுங்கவில்லை. "கதவாண்ட நின்னு எல்லாம் கேட்டுகினுதான் இருந்தேன்."

வேண்டா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். தெரிந்துதான் திரும்பிக்கொண்டாளா?

"நீ இங்க வராத" என்றாள் சின்னப்பொண்ணு. "நான் வருசா வருசம் ஒனக்குப் படைப்பேன். புதுப் பொடவ வெப்பேன். அழுது கும்புடுவேன்." ஒரு கணம் யோசித்து, இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள். "கத்திரிக்கா வெக்க மாட்டேன். போ."

வேண்டா படியிறங்கினாள். நாலு எட்டு வைத்ததும் உள்ளே உடுக்கை மறுபடி ஒலித்தது. மகள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.