குண்டுமணியின் பின்னங்கால்

கிள்ளான் பக்கம் பிறந்தநாள் விருந்துக்குப் போனவர்களுக்குக் குண்டுமணியைத் தெரியாமல் இருக்காது. சாம்பல் நிறத் துணியில் தைத்த யானை அது, உள்ளே இரண்டு ஆள் புகுந்து ஆடும் யானை. தும்பிக்கையில் ஒரு ரோஜாப்பூவைச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தால் போதும், பிறந்தநாள் பிள்ளையே கேக்கை மறந்துவிட்டு ஓடிவரும்.

முன்னால் நின்றவன் வாசு. தலையும் தும்பிக்கையும் முன்னங்கால்களும் அவன் பொறுப்பு. பின்னால் நின்றவன் நாகையா. இருவரும் கிள்ளானை அடுத்த பண்டமாரான்காரர்கள். பள்ளியில் ஒரே பெஞ்சு, வளர்ந்தபிறகு துறைமுகத்தில் ஒரே கம்பெனி. வாசு லோரி ஓட்டினான், நாகையா கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கினான். சனி ஞாயிறு வந்தால் இருவரும் சேர்ந்து ஒரு யானை.

யானை என்றால் நமக்கு முகம்தானே? பின்னங்காலை யார் பார்க்கிறார்கள்! பிள்ளைகள் கட்டிப்பிடிப்பது தும்பிக்கையை. படம் எடுப்பவர்கள் வரிசை கட்டுவது தலைக்குப் பக்கத்தில். பின்னால் இருப்பவன் படுவதோ நாய் படாத பாடு. இடுப்பை மடக்கிக் குனிந்து, முன்னால் போகிறவனின் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் குதிகாலையும் தரையையும் மட்டும் பார்த்தபடி நடக்க வேண்டும். கொஞ்சம் தலையைத் தூக்கினாலும் யானையின் முதுகு கூடாரம் மாதிரி புடைத்துவிடும். கை இரண்டும் பெல்ட்டில் இருப்பதால் வாலை ஆட்டும் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். அந்த வேர்வையும் துணி நாற்றமும் போதாதென்று இது வேறு.

ஆனால் நியாயமாகப் பேசினால், அந்த யானைக்கு உயிர் கொடுத்தது நாகையாவின் கால்கள்தான். வெட்கப்படும் யானை ஒரு காலை இன்னொரு காலில் உரசும். கோபம் வந்தால் பின்னங்காலால் தரையைத் தேய்க்கும். பசித்தால் பின்பக்கம் தொய்ந்துபோகும். இதையெல்லாம் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசுவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவன் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. 'வாசு அண்ணே, உங்க யானை சூப்பர்லா' என்று சொல்கிறவர்களைப் பார்த்து 'தேங்க்ஸ் லா' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான்.

ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு விருந்து. ஆட்டம் முடிந்து மண்டபத்தின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து இருவரும் ரோஜா சிராப் கலந்த தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பதினோரு வருஷமா ஆடுறோம்டா," என்றான் நாகையா. "ஒரு பிள்ளை சிரிக்கிற மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. சத்தம் மட்டும்தான் காதுல விழுது. ஒரு நாளாச்சும் முன்னாடி நின்னு பாக்கணும்."

"உன் மூஞ்சியப் பாத்தா பிள்ளைங்க அழும்லா," என்றான் வாசு.

நாகையாவும் சிரித்தான். வாசு அதை அங்கேயே மறந்துவிட்டான். 'அடுத்த வாரம் நீ முன்னாடி நில்லுடா, நான் பின்னாடி வரேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அது அவனுக்குத் தோன்றவே இல்லை.

சுங்கை பூலோ பக்கம் புதிதாக ஒரு கேளிக்கைப் பூங்கா திறக்கப்போகிறது, வேஷம் போட்டு ஆட ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கைப்பேசியில் பார்த்தவன் நாகையாதான். ஓட்டமும் நடையுமாக வாசு வீட்டுக்கு வந்து நின்றான்.

"யானையும் இருக்காம்டா! நெரந்தர வேலை. வா, போய்ப் பாப்போம்."

"ரெண்டு ஆள் யானையா?"

"இல்ல, ஒத்த ஆள் யானை. நிமிர்ந்து ரெண்டு கால்ல நடக்குமாம். ஆனா வேற வேஷமும் நெறைய இருக்கு. ஆளுக்கு ஒண்ணு கெடைக்காமலா போயிடும்?"

வாசு இழுத்தான். அவன் மனைவி குமுதாதான் துரத்திவிட்டாள். "போய்ட்டுத்தான் வாங்களேன். லோரி ஓட்டி ஓட்டி இடுப்பு ஒடிஞ்சு போய்க் கெடக்குறீங்க. அண்ணன் உங்க நல்லதுக்குத்தானே கூப்பிடுறாரு?"

நாகையாவின் மோட்டோ சைக்கிளில் இருவரும் போனார்கள். போகும் வழியெல்லாம் நாகையா பேசிக்கொண்டே வந்தான், காற்றில் பாதி வாசுவுக்குக் கேட்கவே இல்லை.

அங்கே போனபிறகுதான் விஷயம் தெரிந்தது. குரங்கு, கிளி, மான் எல்லாவற்றுக்கும் முந்தைய வாரமே ஆள் எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது யானை ஒன்றுதான், அதற்கு வேண்டியது ஒரே ஆள். ஆள் எடுக்க வந்திருந்தவள் மிஸ் லிம் என்ற பெண். ஆடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளும் அவளே. கறாரானவள், ஆனால் சிரித்த முகம்.

"பரவால்ல லா," என்று வாசுவின் காதில் சொன்னான் நாகையா. "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தன் உள்ள போனாலும் குண்டுமணி போன மாதிரிதானே?"

முதலில் வேஷம் இல்லாமல் நடித்துக் காட்டச் சொன்னார்கள். பேசக் கூடாது. உடம்பு மட்டும்தான் பேச வேண்டும். "ஐஸ்கிரீம் தரையில் விழுந்துவிட்டது. செய்து காட்டுங்கள்," என்றாள் மிஸ் லிம். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்து அழுதார்கள். வாசுவும் அதைத்தான் செய்தான். நாகையா முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை. விழுந்த இடத்தைச் சுற்றி வந்தான். ஒரு காலை நீட்டித் தொடப் போய்ப் பட்டென்று இழுத்துக்கொண்டான். பிறகு முழங்கால் இரண்டும் மெல்ல மடங்க, அப்படியே தொப்பென்று உட்கார்ந்தான். மிஸ் லிம் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவனைத் தட்டி, "இவரைப் பார்த்தாயா?" என்றாள்.

வாசுவுக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை வருஷமாகத் தலையாக இருந்தவன் அவன், யானை என்றாலே அவன்தான். முதல்முறையாக நாகையா அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

அடுத்தது உண்மையான வேஷம். பூங்காவின் யானை நீல நிறம். பெரிய தலை, உள்ளே தொப்பி மாதிரி ஒன்று வைத்து மோவாயில் வார் கட்டியிருந்தார்கள். ஆடுகிறவனின் தலை எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம் யானையும் திரும்பும். யானையின் வாயில் மறைத்திருந்த வலை வழியாக வெளியே பார்க்கலாம். பூங்கா ஆட்கள் சிலர் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டு நின்றார்கள்.

வாசு முதலில் போனான். ஓரளவு நன்றாகவே ஆடினான். கையசைத்தான், பிள்ளைகளைத் தேடித் தேடித் தலையைச் சாய்த்துப் பார்த்தான். ஒரே ஒரு சங்கடம்தான், பெல்ட்டைப் பிடித்து இழுக்க யாரும் இல்லாததால் இடுப்பு லேசாக, வெறுமையாக இருந்தது. இரண்டு தடவை கை தானாகப் பின்னால் போய்த் துழாவியது.

பிறகு நாகையா போனான். அடேயப்பா, அந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! முழங்காலுக்குக் கீழே பார்த்தால் அசல் யானைக்குட்டி. ஆனால் தலை தொங்கிக் கிடந்தது. அவ்வளவு பெரிய நீலத் தலை நெஞ்சில் கவிழ்ந்து தரையையே பார்த்தது.

"பிள்ளைகளைப் பாருங்கள்!" என்று மிஸ் லிம் குரல் கொடுத்தாள். தலை நிமிர்ந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் மறுபடியும் கவிழ்ந்தது. பாட்டை மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளையாக நடித்த பெண் ஓடிப்போய் நாகையாவின் கையைப் பிடித்துத் தலையை ஆட்டிக் காட்டினாள். நிற்கும்போது நிமிர்ந்தது. நடக்கத் தொடங்கியதும் தானாகக் குனிந்தது. பதினோரு வருஷமாகக் குதிகாலைப் பார்த்தே நடந்த கழுத்து. கால் அசைந்தால் கண் கீழே போகும் என்று அது பழகிவிட்டது. நாகையாவுக்கே அது தெரியவில்லை. தான் நேராகப் பார்த்துக்கொண்டு நடப்பதாகத்தான் நினைத்தான்.

தலையைக் கழற்றினார்கள். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டிக் கிடக்க, நாகையா சிரித்துக்கொண்டுதான் நின்றான், எல்லாம் நன்றாகப் போனது என்று.

"கெனாப்பா தெங்கோ பாவா?" என்று மலாயில் கேட்டாள் மிஸ் லிம். ஏன் கீழேயே பார்க்கிறீர்கள்? அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இவ்வளவு நன்றாக நடக்கிற ஆளை விட அவளுக்கு மனசில்லை.

நாகையா விழித்தான். "நானா? கீழயா?" என்று தமிழில் கேட்டான். சிரிப்பு மறைந்துவிட்டது. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசு உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினான்.

வாசுவுக்குப் பதில் தெரியும். அந்தக் கூடத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். 'மிஸ், இவர் இத்தனை வருஷமா பின்னங்காலா நடந்தவரு. கழுத்துப் பழக்கம். ஒரு வாரம் குடுங்க, சரியாயிடும்.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. வார்த்தை பல் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் அவன் குனிந்து, காலில் நன்றாகக் கட்டியிருந்த சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டத் தொடங்கினான். அவன் நிமிர்ந்தபோது மிஸ் லிம் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை வாசுவுக்குக் கிடைத்தது.

வரும் வழியில் நாகையா மோட்டோவைக் கடையோரம் நிறுத்தி, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தான். "நீயாச்சும் உள்ள போனியேடா," என்று முதுகில் தட்டினான். "எனக்கு என்னமோ வரல. பின்னாடி நிக்கிறவன் பின்னாடிதான் நிக்கணும் போல." மறுநாள் பண்டமாரான் முழுக்க அவன்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான், 'நம்ம வாசு இப்ப பார்க் யானைலா, பெரிய ஆளு' என்று. கேட்கக் கேட்க வாசுவுக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது.

சனி ஞாயிறுகளில்தான் பூங்காவில் கூட்டம். அதனால் குண்டுமணி நின்றுபோனது. பின்னங்கால் மட்டும் தனியாகப் போய் விருந்தில் ஆட முடியுமா? அந்த நாள்களில் நாகையா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்குக் கூடுதல் வேலை பார்க்கப் போனான். முன்பு வாரம் தவறாமல் சந்தித்தவர்கள், பிறகு தீபாவளிக்குத்தான் பார்த்துக்கொண்டார்கள்.

பூங்காவில் வாசுவுக்கு ஒரு குறையும் இல்லை. கதவு திறந்ததும் பிள்ளைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். வலைக்கு அந்தப் பக்கம் அந்த முகங்களைப் பார்ப்பான். பல் விழுந்த வாய்கள், ஐஸ்கிரீம் ஒழுகும் மோவாய்கள், பயந்துபோய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும் கண்கள். இதைப் பார்க்கத்தானே நாகையா ஆசைப்பட்டான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். யானைக்குள் இருக்கிறவன் அழுதாலும் வெளியே தெரியாது. அது ஒன்றுதான் அவனுக்கு வசதியாக இருந்தது.

ஒரு வருஷம் கழிந்தது. கூட்டம் பெருகியதால் இன்னொரு யானை வேண்டும் என்றாள் மிஸ் லிம். வாசு யோசிக்கவே இல்லை. "மிஸ், முன்னாடி வந்த என் கூட்டாளி இருக்கான்," என்றான்.

"அந்த நல்ல கால்காரரா? வரச் சொல்லுங்கள்," என்றாள் அவள் உடனே.

அந்த ஞாயிறு விடுப்பு எடுத்துக்கொண்டு நாகையா வீட்டுக்குப் போனான் வாசு. நாகையாவின் மனைவி வீரம்மா, "வாங்கண்ணே, வழி தெரிஞ்சுச்சா?" என்று கேலி பேசி உட்காரவைத்துவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள். வாசு மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னான்.

நாகையா கையை விரித்தான். "வேணாம்டா. எனக்கு அது வரலேன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சே. மறுபடியும் போய் அசிங்கப்படணுமா?"

"டே, அது ஒண்ணுமே இல்லடா!" வாசுவுக்கு அவனை எப்படியாவது சம்மதிக்கவைத்துவிட வேண்டும் என்ற அவசரம். "நீ பின்னாடி குனிஞ்சே நடந்தவன். கால் எடுத்து வெச்சா கண்ணு கீழ போகுது, கழுத்து அப்படிப் பழகிடுச்சு. அவ்வளவுதான்! ஒரு வாரம் நான் கூட நின்னு பழக்கிவிடுறேன், சரியாயிடும். அன்னிக்கு நீ நடக்கும்போதே எனக்குத் தெரியும் லா."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது.

நாகையா கழுத்தின் பின்புறத்தைக் கையால் தடவிக்கொண்டான்.

"கழுத்தா?" என்றான். "ஒரு வருஷமா என் மூளைதான் மந்தம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா."

"நாகையா..."

"அந்தம்மா கேட்டப்ப எனக்கு ஒண்ணும் புரியல. நீ சொல்லுவேன்னு உன்னைத்தான் பாத்தேன்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் வாசு காலில் விழுந்திருப்பான். "அப்ப நீ சப்பாத்து கட்டிக்கிட்டு இருந்தே."

வீரம்மா இரண்டு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். "என்னண்ணே, என்ன சொல்றாரு? வராராமா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

நாகையா வாசு பக்கம் கோப்பையை நகர்த்தி வைத்தான். "டீ ஆறுது, குடி," என்றான். "அந்த வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடு."